சாவியைக் கொடுத்தால் கடன் தீராது

தவணை கட்ட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு வழி சொல்வதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவர்களுக்கு மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது. கட்டுரையாளரின் வாதம் ஐந்து கூற்றுகளில் அடங்கும். தகுதிக்கு மீறிக் கடன் வாங்கியவர்கள்தான் தவணை தவறுகிறார்கள். சட்டம் அவர்களுக்குப் போதுமான அவகாசம் தருகிறது. முடியாதவர் வங்கியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் அத்தோடு கடன் முடிந்தது. அதற்கும் வழியில்லாதவர் திவால் மனு போட்டு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதற்கு மேல் சலுகை கேட்பது, ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இவற்றில் முதலாவது கணக்குப்படி தவறு. அடுத்த மூன்றும் சட்டப்படி தவறு. கடைசிக் கூற்று நியாயத்தின் பெயரால் ஓர் அநியாயத்தைக் காப்பாற்றுகிறது. கோவை மாவட்டத்தின் தொண்டாமுத்தூரிலோ ஆலாந்துறையிலோ நரசீபுரத்திலோ ஒரு குடும்பம் இந்தக் கட்டுரையை நம்பிச் சாவியை நீட்டிவிட்டால், விளைவைச் சுமக்கப்போவது அந்தக் குடும்பம்தான். எழுதியவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அதனால் மென்மையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்தப் பேராசைக் குற்றச்சாட்டு. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்த்தியது ரிசர்வ் வங்கி. ரெப்போவோடு இணைந்த மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இந்த 2.5 சதவீதமும் தலையில் இறங்கியது. 7 சதவீத வட்டியில் 25 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 19,380 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் அதே கடனுக்குத் தவணை 23,300 ரூபாயைத் தாண்டுகிறது. தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டலாமே என்றால், 25 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 19,790 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதவில்லை. கடன் வாங்கிய புதிதில் வட்டி உயர்ந்தவர், மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாத நிலைக்குத் தள்ளப்பட்டார். அவர் ஒரு செங்கல்லைக்கூடக் கூடுதலாக வைத்துக் கட்டவில்லை. வாங்கிய கடனுக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. இதில் பேராசை எங்கே இருக்கிறது? எப்படிப்பட்ட தவணை உயர்வு வரும், காலம் எவ்வளவு நீளும் என்பதைக் கடன்காரருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. அதுவரை பலருக்கு அது சொல்லப்படவில்லை என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

கோவையில் இன்னொரு கதையும் உண்டு. இந்த மாவட்டத்தில் வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் அது வீடு கட்ட வாங்கிய கடனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு லேத் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர், பம்ப் உதிரிபாகம் வார்க்கிறவர், கிரைண்டர் கல் கொத்துகிறவர் என்று எத்தனையோ பேர் தொழிலுக்கான சி.சி. (கேஷ் கிரெடிட்) கடனுக்கு வீட்டைத்தான் ஈடு வைத்திருக்கிறார்கள். 2016-இல் பணமதிப்பு நீக்கம், 2017-இல் ஜி.எஸ்.டி., 2020-இல் ஊரடங்கு, 2022 செப்டம்பரில் மின்கட்டண உயர்வு என்று ஆறு ஆண்டுக்குள் நான்கு அடி. ஊரடங்கின்போது ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைத்தார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பத்துப் பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் பில் தொகை ஆறு மாதம் தாமதமாக வந்தால், அவர் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. அவரைப் பார்த்துத் தகுதிக்கு மீறி ஆசைப்பட்டவர் என்று எழுத, இந்த ஊரின் தொழிலைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்க வேண்டும்.

அடுத்து, சட்டம் தரும் அவகாசம். 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டை எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிக்குத் தருகிறது. தவணை 90 நாள் தவறினால் கடன் வாராக்கடன் ஆகிறது. பிறகு 13(2) பிரிவின் கீழ் 60 நாள் நோட்டீஸ். அதற்கு நாம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். 60 நாள் கழிந்தால் சுவாதீனம் எடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவர் மூலம் போலீஸ் துணையோடும் வரலாம். ஆக முதல் தவணை தவறிய நாளிலிருந்து ஐந்து மாதம். கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்றால், சுவாதீன நடவடிக்கை எடுத்த பிறகுதான், அதிலிருந்து 45 நாளுக்குள்தான் போக முடியும். கோவையில் அந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே தோற்றால் சென்னையிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அந்தக் கதவைத் தட்டவே பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும். தீர்ப்பாயம் மனது வைத்தால் கால் பங்கு. தவணை கட்டவே பணமில்லாதவரிடம் பாக்கியில் கால் பங்கைக் கட்டிவிட்டு வா என்று சொல்கிற சட்டத்தைத்தான் கட்டுரையாளர் தாராளமானது என்கிறார்.

இதே இடத்தில் அவர் செய்த இன்னொரு தவறு மன்னிக்கக் கூடியதே இல்லை. ஏலம் நடக்கும் நாள்வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். 2016-க்கு முன்பு அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு 13(8) பிரிவைத் திருத்தினார்கள். ஏல விளம்பரம் வெளியாகும் நாளுக்கு முன்புவரைதான் மீட்கும் உரிமை என்று ஆக்கினார்கள். செலிர் நிறுவனத்துக்கும் பாஃப்னா மோட்டார்ஸுக்கும் இடையிலான வழக்கில் 2023 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. விளம்பரம் வந்துவிட்டால் அந்த உரிமை போய்விட்டது. மாமனாரிடம் வாங்கியோ, காட்டை விற்றோ, நகையை வைத்தோ ஒருவர் ஏலத்துக்கு முந்தின நாள் முழுப் பணத்தோடு போய் நின்றாலும் வங்கி வாங்க மறுக்கலாம். கட்டுரையை நம்பிக் காத்திருக்கிறவருக்கு நேரப்போவது இதுதான்.

இனி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்ற யோசனை. இது அமெரிக்காவிலிருந்து வந்த பேச்சு. கட்டுரையாளரே அந்த நாட்டை உதாரணம் காட்டுகிறார். கலிபோர்னியாவில், தான் குடியிருக்கும் வீட்டை வாங்குவதற்காகப் பெற்ற கடனுக்கு வீட்டைத் தவிர வேறெதையும் வங்கி தொட முடியாது. பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு வங்கியின் சம்மதத்தோடு வீட்டை விற்றால், குறையும் தொகையைப் பிறகு கேட்கக் கூடாது என்று 2011-இல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. இந்தியாவில் அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. சர்பாசி சட்டத்தின் 13(10) பிரிவைப் படித்திருந்தால் கட்டுரையாளர் அந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டார். வீட்டை விற்ற பணம் பாக்கிக்குப் போதாவிட்டால் மிச்சத்தை வசூலிக்க வங்கி வழக்குப் போடலாம். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயம், அதற்குக் கீழே சிவில் நீதிமன்றம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட தம்பியும் மனைவியும் சேர்ந்தே மாட்டுவார்கள். சாவி போகும், வீடு போகும், கடன் மட்டும் போகாது.

வீட்டின் மதிப்பு பாக்கியைவிடக் கூடுதலாக இருந்தால் நட்டம் வேறு மாதிரி வரும். ஒரு கணக்குக்காக, 50 லட்சம் போகும் வீடு, 30 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரே ஆள் பார்த்து விற்றால் கடன் போகக் கையில் 20 லட்சம் நிற்கும். அந்தப் பணத்தில் ஒரு சின்ன வீட்டை வாங்கலாம், பெண்ணுக்குக் கல்யாணம் செய்யலாம், மெஷினை மீட்கலாம். வங்கி விற்கும்போது விளம்பரத்தில் உள்ளது உள்ளபடி என்று போடுவார்கள். பெரும்பாலும் காகிதத்தில்தான் சுவாதீனம் இருக்கும். உள்ளே குடியிருப்பவரைக் காலி செய்யும் தலைவலி வாங்குகிறவருக்கு. அதனால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். யாரும் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் குறைந்தபட்ச விலையே இறங்கும். விளம்பரச் செலவு, மதிப்பீட்டாளர் கூலி, வழக்குச் செலவு எல்லாம் கடன்காரர் கணக்கில் ஏறும். மீதி இருந்தால் திருப்பித் தர வேண்டும் என்று 13(7) சொல்கிறது. ஆனால் 38 லட்சத்துக்குப் போன வீட்டில் செலவும் வட்டியும் போக மீதி என்ன இருக்கும்? கட்டுரையாளர் சொல்லும் வழியில் அந்தக் குடும்பம் தன் ஆயுள் சேமிப்பை ஏலத்தில் எடுத்தவருக்குத் தாரை வார்க்கிறது.

மஞ்சள் நோட்டீஸ் பற்றி அவர் எழுதியது அதைவிட மோசம். கடன் தொல்லையிலிருந்து அது முழு விடுதலை தரும் என்கிறார். கோவையில் ஒரு சாதாரணத் தனிநபர் திவால் மனு போடுவது இன்றைக்கும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தின் கீழ்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்ற வரம்புகூட அன்று எழுதியபடியே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 28(6) பிரிவு, சொத்தை ஈடாகப் பெற்றவரின் உரிமையைத் திவால் உத்தரவு தொடாது என்கிறது. ஆக, கைமாற்றுக் கொடுத்தவரும் சீட்டுப் பாக்கி கேட்கிறவரும் கொஞ்ச நாள் நிற்பார்கள். பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் வங்கி நிற்காது. வீடு ஏலத்துக்குப் போயே தீரும். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் மகனுக்கோ மருமகளுக்கோ தானமாக எழுதிக்கொடுத்த சொத்தையும் நீதிமன்றம் ரத்து செய்யலாம். திவாலானவர் உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினராக இருக்கும் தகுதியையும் இழக்கிறார்.

2016-இல் வந்த புதிய திவால் சட்டம் தனிநபருக்கும் உண்டே என்று கேட்கலாம். அதில் தனிநபருக்கான பகுதியை 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைப்படுத்தினார்கள். வீட்டுக் கடன் வாங்கிய ஆசிரியருக்கும் ஜாப் ஒர்க் செய்கிறவருக்கும் அது இன்னும் ஏட்டில்தான். அமெரிக்காவில் திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயத்தின் கீழ் மனு போட்ட அன்றே வீட்டு ஏலம் நிற்கிறது. விட்டுப்போன தவணைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் கட்டி வீட்டிலேயே இருக்கலாம். கட்டுரையாளர் அந்த நாட்டின் அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த அறிவுரைக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தை விட்டுவிட்டார்.

தொண்டாமுத்தூர் வட்டாரத்துக்கென்றே சில விஷயங்கள் உண்டு. அவை அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. விவசாய நிலத்தின் மீது சர்பாசி சட்டம் செல்லாது என்கிறது அதன் 31-ஆம் பிரிவு. இங்கே எத்தனையோ வீடுகள் பாக்குத் தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் நிற்கின்றன. பத்திரம் தோப்போடு சேர்த்தே வங்கியில் இருக்கிறது. சிட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது, நிலம் உண்மையில் எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சாட்சியத்தோடு பார்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியன் வங்கி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விவசாயம் நடக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன்காரருடையது என்று 2023-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆகவே அடங்கல், விவசாய மின் இணைப்பு ரசீது, பாக்கு விற்ற சீட்டு, சின்ன வெங்காயத்துக்கு மண்டி கொடுத்த துண்டுச்சீட்டு எல்லாம் அத்தாட்சி. நோட்டீஸ் வந்தவுடன் எழுதும் ஆட்சேபத்திலேயே இதைச் சொல்ல வேண்டும். இதனால் கடன் ரத்தாகிவிடாது. வங்கி முறையாக வழக்குப் போட்டுத்தான் வர வேண்டியிருக்கும். பேசுவதற்குக் கிடைக்கும் அந்த அவகாசம் ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயம். வாசலை விட்டு இறங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய இந்த உரிமையைச் சொல்லாமல், சாவியைக் கொடு என்று மட்டும் சொல்வது வழிகாட்டல் ஆகாது.

விற்பதும் இங்கே எளிதில்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. மலையடிவாரக் கிராமங்களுக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான ஹாகா விதிகள் வேறு. அனுமதிக் கோப்பு சரியாக இல்லாத வீட்டை வாங்க வருகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது. இதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். அதனால்தான் தவணை தவறத் தொடங்கிய மாதத்திலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன். வாசலில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு தொடங்கினால் காலம் போதாது.

சரி, வழிதான் என்ன? வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டால், தானே விற்று வெளியே வருவதுதான் மானமான வழி. நோட்டீஸ் வருவதற்கு முன்பு என்றால் பாக்கிக் கணக்கை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாங்குகிறவர் பாக்கியை நேரடியாக வங்கிக்குக் கட்டுவார், மிச்சத்தை உரிமையாளருக்குத் தருவார். வங்கி பத்திரத்தை விடுவித்து அடமானப் பதிவான எம்.ஓ.டி.யை ரத்து செய்து கொடுக்கும். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் கேட்கக் கூடாது. 2012 முதல் அதுதான் விதி. நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான முன்சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்கிறது 13(13) பிரிவு. மீறினால் தண்டனை உண்டு. சம்மதம் கேட்டு மனு கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். ஏலத்தையும் டெண்டரையும் போலவே தனிப்பட்ட உடன்பாட்டின் மூலம் விற்பதற்கும் 2002-ஆம் ஆண்டு விதிகளிலேயே இடம் இருக்கிறது. வங்கி மேலாளர் அப்படி ஒன்று இல்லை என்றால் விதி 8(5)-ஐ எடுத்துக் காட்டுங்கள். விலை பாக்கியைவிடக் குறைவாக இருந்தால், ஒரே தவணைத் தீர்வுக்கு எழுதிக் கேளுங்கள். மிச்சம் தள்ளுபடி, கடன் முழுவதும் தீர்ந்தது, ஜாமீன்தாரர் மீதும் பாக்கி இல்லை என்று கடிதம் கையில் வரும்வரை பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வழியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஒரே தவணைத் தீர்வைக் கடன்காரர் உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரில் பிஜ்னோர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கி கொடுத்தால் உண்டு, மறுத்தால் இல்லை. கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது இந்த அநீதியைப் பற்றித்தான்.

அவரோ இங்கேதான் துரோகம் என்ற சொல்லைப் போடுகிறார். ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் சேமிப்புப் பணம் வீணாகிறது என்கிறார். சேமிப்பாளர் மீதான அக்கறை நல்லதுதான். அந்த அக்கறை பெரிய கடன்காரர்களிடம் எங்கே போனது? 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் சுமார் 9.9 லட்சம் கோடி ரூபாய் என்று ஒன்றிய நிதி அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்பது உண்மை. கம்பெனித் திவால் வழக்குகளில் தீர்வு காணப்பட்டவற்றில் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது, ஒப்புக்கொள்ளப்பட்ட பாக்கியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதும் உண்மை. 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும் மோசடிக் கணக்குக்காரர்களோடும்கூடச் சமரசத் தீர்வு காண வங்கிகளுக்கு வழி திறந்தது. மோசடி செய்தவருக்கே சமரசம் உண்டு என்றால், வட்டி உயர்வில் விழுந்த குடும்பத்துக்கு மட்டும் அது ஏன் துரோகம் ஆகிறது? உரிமையாளரே நல்ல விலைக்கு விற்றால் வங்கிக்கும் கூடுதலாகவே வரும், சீக்கிரமாகவும் வரும். சேமிப்பாளரின் பணத்தைக் காப்பதும் அதுதான்.

கேட்பது கடன் தள்ளுபடி இல்லை. குடியிருக்கும் வீடாக இருந்தால், சுவாதீனம் எடுப்பதற்கு முன் உரிமையாளரே விற்றுக்கொள்ள ஆறு மாத அவகாசம் உரிமையாக வேண்டும். நோட்டீஸ் தமிழில் வர வேண்டும். அதில் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை, தீர்ப்பாயத்துக்குப் போகும் கெடு, மீட்கும் உரிமை முடியும் நாள் மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வங்கியின் சம்மதத்தோடு விற்ற பிறகு மிச்சப் பாக்கிக்கு வழக்கு வரக் கூடாது. 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதியை எல்லோருக்கும் நடைமுறைப்படுத்த வேண்டும். இந்த நான்கில் எது ஒழுங்காகக் கட்டுகிறவருக்குத் துரோகம் என்று கட்டுரையாளர் அடுத்த இதழில் சொல்லட்டும். ஏலத்தன்று வரை மீட்கலாம் என்று எழுதியதற்கு அதே இதழில் திருத்தமும் போடட்டும்.

அதுவரை நோட்டீஸ் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 60 நாளை எண்ணத் தொடங்குங்கள். ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கோவைத் தீர்ப்பாயத்தில் வழக்காடும் வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் ஏல விளம்பரம் வரும் முன்பாக, வங்கியின் சம்மதக் கடிதத்தோடு, நீங்களே விற்றுவிடுங்கள். சாவியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.